இங்கிலீஷ் கிளாஸ்ல ஃபார்மேட்டிவ் அசெஸ்மென்ட்: யுனிவர்சிட்டி ஸ்டூடன்ட்ஸ் அடிக்கடி கேக்கற கேள்விகள்

யுனிவர்சிட்டில இங்கிலீஷ் சொல்லித் தர்றவங்களும் படிக்கறவங்களும் ஃபார்மேட்டிவ் அசெஸ்மென்ட்ட பத்தி பேசிக்கிட்டே தான் இருக்காங்க, ஆனா ஒருத்தர் பேசறது இன்னொருத்தர் காதுல விழறதே இல்ல. டீச்சர கேட்டா "ராத்திரி முழுக்க உக்காந்து கமென்ட் எழுதினேன், ஒருத்தரும் படிக்கல"ம்பாங்க. ஸ்டூடன்ட்ட கேட்டா "படிச்சேன், படிச்சிட்டு என்ன பண்ணணும்னு தான் தெரியல"ம்பாங்க. ரெண்டும் உண்மை. அதனால திரும்பத் திரும்ப வர்ற கேள்விகள ஒரே இடத்துல போட்டு, ஆராய்ச்சில தெரிய வந்தது கொஞ்சம், கிளாஸ்ல நேரா பாத்தது கொஞ்சம்னு பதில் எழுதியிருக்கேன். என் சாய்வு எந்தப் பக்கம்னு முன்னாடியே சொல்லிடறேன்: இந்த முறை மேல எனக்கு நம்பிக்கை இருக்கு, இத நடத்தற விதத்து மேல தான் அவ்வளவா இல்ல.

ஃபார்மேட்டிவ் அசெஸ்மென்ட்னா இன்டர்னல் மார்க் தானே? பேர மட்டும் மாத்தி வச்சிருக்காங்களா?

இல்லைங்க, ஆனா அப்படி தோணறதுல உங்க தப்பு எதுவும் இல்ல, ஏன்னா நிறைய இடத்துல அது அப்படித்தான் நடக்குது. வாரா வாரம் ஒரு க்விஸ், மாசத்துக்கு ஒரு அசைன்மென்ட், ஒரு ப்ரசென்டேஷன், எல்லாத்துக்கும் அஞ்சு மார்க் பத்து மார்க்னு போட்டு கடைசில கூட்டி ஃபைனல் மார்க்ல சேத்துடறது. இது பெரிய பரீட்சைய துண்டு துண்டா வெட்டி வைக்கறது, அவ்வளவு தான்.

நிஜமான ஃபார்மேட்டிவ் அசெஸ்மென்ட்னா, நீங்க இப்ப எழுதினதையோ பேசினதையோ பாத்து அடுத்து நீங்க என்ன செய்யணும், டீச்சர் அடுத்து என்ன சொல்லித் தரணும்னு முடிவு பண்றது, அந்த முடிவுப்படி அடுத்த கிளாஸோ அடுத்த டிராஃப்ட்டோ நிஜமாவே மாறணும். மாறலைன்னா அது வெறும் தகவல். மார்க் போட்டாங்களா இல்லையாங்கறது ரெண்டாவது விஷயம் தான், முதல் விஷயம் அந்தத் தகவல பயன்படுத்த உங்களுக்கு ஒரு வாய்ப்பு இருந்துச்சாங்கறது. இந்தப் பக்கம் முழுக்க நான் சுத்திச் சுத்தி இதத்தான் சொல்லப் போறேன், போரடிச்சா மன்னிச்சுக்கோங்க.

இது யார் கண்டுபிடிச்சது?

ஃபார்மேட்டிவ், சம்மேட்டிவ் (கடைசில எடை போட்டு தீர்ப்பு சொல்றது)ங்கற பிரிவ 1967-ல மைக்கேல் ஸ்க்ரிவன் கொண்டு வந்தார், ஆனா அவர் பேசினது பாடத்திட்டத்த எப்படி எடை போடறதுன்னு தான், ஸ்டூடன்ட்ஸ பத்தி இல்ல. கொஞ்ச வருஷத்துலயே பெஞ்சமின் ப்ளூம் அத ஸ்டூடன்ட்ஸ் கத்துக்கறதுக்கு கொண்டு வந்து பொருத்தினார். 1998-ல பால் ப்ளாக், டிலன் வில்லியம்னு லண்டன் கிங்ஸ் காலேஜ்ல இருந்த ரெண்டு பேர் சுமார் 250 ஆய்வுகள அலசி ஒரு பெரிய கட்டுரை எழுதினாங்க, அதுக்கப்புறம் தான் உலகம் முழுக்க ஆளாளுக்கு இதப் பேச ஆரம்பிச்சாங்க.

ஸ்டூடன்ட்ஸுக்கு இது உண்மையிலயே பிடிக்குதா? இல்ல சர்வேல கேக்கறாங்களேன்னு "ரொம்ப யூஸ்ஃபுல்"னு டிக் அடிச்சிட்டு போயிடறாங்களா?

ரெண்டும் நடக்குது. "ஃபீட்பேக் உனக்கு உதவுதா?"ன்னு கேட்டா யாரா இருந்தாலும் ஆமாம்னு தான் சொல்லுவாங்க, அந்தக் கேள்விக்கு வேற பதிலே இல்லையே. "போன தடவ வந்த ஃபீட்பேக்ல என்ன இருந்துச்சு, அத வச்சு நீ என்ன மாத்தின?"ன்னு கேட்டுப் பாருங்க, பாதிப் பேர் முழிப்பாங்க. "ஏதோ கிராமர் பத்தி எழுதியிருந்தாங்க"ம்பாங்க.

இங்கிலாந்துல 2005-ல இருந்து கடைசி வருஷ ஸ்டூடன்ட்ஸ்கிட்ட நேஷனல் ஸ்டூடன்ட் சர்வேன்னு ஒண்ணு எடுக்கறாங்க. அதுல டீச்சிங் எப்படி இருந்துச்சுன்னு கேட்டா நல்ல மார்க் குடுப்பாங்க, அசெஸ்மென்ட் அண்ட் ஃபீட்பேக்னு வந்தா மட்டும் திருப்தி கீழ இறங்கிடும், பல வருஷமா இதே கதை தான். ஹாங்காங்ல டேவிட் கார்லெஸ் 2006-ல எழுதின ஆய்வுல இன்னொரு விஷயம் வந்துச்சு: டீச்சர்ஸ் தாங்க விலாவரியா ஃபீட்பேக் குடுக்கறதா நினைக்கறாங்க, வாங்கிக்கற ஸ்டூடன்ட்ஸ் அப்படி நினைக்கல.

அப்போ பிடிக்கலையா? அப்படி இல்ல. பசங்க புலம்பறத காது குடுத்து கேட்டீங்கன்னா, "எங்கள எதுக்கு அசெஸ் பண்றீங்க"ன்னு யாரும் கேக்கறதில்ல. "லேட்டா வந்துச்சு", "ஒரே மாதிரி எல்லாருக்கும் எழுதியிருக்கு", "கையெழுத்து புரியல", "அந்த டாபிக் முடிஞ்சு போச்சு இப்ப வந்து சொன்னா என்ன பிரயோஜனம்". எல்லாமே நேரத்த பத்தியும் பயன்பாட்ட பத்தியும் தான். இத "ஸ்டூடன்ட்ஸுக்கு ஆர்வம் இல்ல"ன்னு எழுதி வைக்கறது வசதியான பொய்.

மார்க் இல்லைன்னா யாருங்க சீரியஸா எழுதுவாங்க?

நியாயமான கேள்வி. நாலஞ்சு சப்ஜெக்ட், எல்லாத்துலயும் டெட்லைன், அதுல ஒண்ணு மட்டும் "இதுக்கு மார்க் கெடையாது, கத்துக்கறதுக்காக எழுதுங்க"ன்னு வந்தா அது கடைசி வரிசைக்குத் தான் போகும். அத சோம்பேறித்தனம்னு சொல்ல முடியாது, இருக்கற நேரத்த கணக்குப் போட்டு செலவு பண்றாங்க.

ஆனா மறுபக்கம் ஒண்ணு இருக்கு. ரூத் பட்லர் 1988-ல இஸ்ரேல்ல ஒரு ஆய்வு பண்ணாங்க. ஒரு குரூப்புக்கு வெறும் கமென்ட், ஒரு குரூப்புக்கு வெறும் மார்க், ஒரு குரூப்புக்கு ரெண்டும். வெறும் கமென்ட் வாங்கினவங்க அடுத்தடுத்த வேலைல நல்லா முன்னேறினாங்க, மார்க் வாங்கினவங்களுக்கு அப்படி எதுவும் ஆகல. மார்க்கும் கமென்ட்டும் சேத்து வாங்கினவங்களும் மார்க் மட்டும் வாங்கினவங்க மாதிரியே தான் இருந்தாங்க, அதாவது மார்க் வந்த உடனே கமென்ட் செத்துப் போச்சு. அது அஞ்சாவது ஆறாவது படிக்கற பிள்ளைங்க, இங்கிலீஷ் கட்டுரையும் இல்ல, அதனால அப்படியே தூக்கி யுனிவர்சிட்டில வைக்க முடியாது. இருந்தாலும் ஒரு பேப்பர் கைக்கு வந்த உடனே கண்ணு எங்க போகுதுன்னு யோசிச்சுப் பாருங்க. மார்க்க பாப்பீங்க, பக்கத்து சீட்டுக்காரர் மார்க்க பாப்பீங்க, பேப்பர மடிச்சு பைக்குள்ள வைப்பீங்க.

எனக்குப் பிடிச்ச வழி நடுவுல இருக்கு: மொதல்ல கமென்ட் மட்டும் குடுக்கறது, ஸ்டூடன்ட் அத வச்சு ரெண்டாவது டிராஃப்ட் எழுதறது, அந்த ரெண்டாவது டிராஃப்டுக்கு மார்க். அப்போ கமென்ட்ட படிச்சா லாபம் உண்டுன்னு ஆயிடுது, யாரும் கெஞ்சிக் கூத்தாட வேண்டியதில்ல. சில டீச்சர்ஸ் மொதல் டிராஃப்ட், கமென்ட்டுக்கு அப்புறம் என்ன மாத்தினேன்னு ஒரு சின்ன குறிப்பு, கடைசி டிராஃப்ட் மூணையும் சேத்து வாங்கறாங்க, அந்தக் குறிப்பு தான் அதுல ரொம்ப சுவாரசியமான பக்கம், யார் யோசிச்சாங்க யார் கடனேன்னு பண்ணாங்கன்னு அதுலயே தெரிஞ்சிடும்.

எல்லா தப்பையும் சிவப்பு மைல திருத்திக் குடுத்தா தானே நாங்க கத்துக்க முடியும்? ஏன் சில டீச்சர்ஸ் ரெண்டு மூணு தப்ப மட்டும் திருத்திட்டு விட்டுடறாங்க?

இது தான் ஸ்டூடன்ட்ஸும் டீச்சர்ஸும் அதிகமா முட்டிக்கற இடம். பெரும்பாலான ஸ்டூடன்ட்ஸ் எல்லாத்தையும் திருத்தச் சொல்லித் தான் கேக்கறாங்க, திருத்தாத டீச்சர "வேலைய ஒழுங்கா செய்யல"ன்னு நினைக்கறாங்க.

ஆராய்ச்சி உலகத்துலயே இதுக்கு பெரிய சண்ட நடந்திருக்கு. 1996-ல ஜான் ட்ரஸ்காட், ரெண்டாம் மொழி ரைட்டிங் கிளாஸ்ல கிராமர் திருத்தறது உதவல, கெடுதல் கூட பண்ணுது, நிறுத்திடுங்கன்னே எழுதிட்டார். 1999-ல டானா ஃபெரிஸ் அதுக்கு மறுப்பு எழுதினாங்க, இவ்வளவு அவசரமா தீர்ப்பு சொல்லாதீங்கன்னு. அதுக்கப்புறம் வந்த ஆய்வுகள்ல ஜான் பிட்சனர் 2008-ல பண்ணது முக்கியம்: எல்லாத்தையும் விட்டுட்டு எ, த ரெண்டு ஆர்ட்டிகிள மட்டும், அதுலயும் ரெண்டே ரெண்டு பயன்பாட்ட மட்டும் எடுத்துத் திருத்தினப்போ, ரெண்டு மாசம் கழிச்சும் அந்த முன்னேற்றம் நின்னுச்சு. ஒரே தப்ப கவனம் வச்சுத் திருத்தினா ஒட்டுதுன்னு இதுல தெரியுது, பக்கம் முழுக்க சிவப்பாக்கினா ஒட்டுமான்னு இது சொல்லல.

கிட்டத்துல பாக்கலாம். ஒரு ஸ்டூடன்ட் எழுதின வரி: "மெனி பீப்பிள்ஸ் ஆர் யூஸிங் சோஷியல் மீடியா அண்ட் இட் இஸ் அஃபெக்ட் தேர் மைண்ட் வெரி பேட்லி." இதுல பீப்பிள்ஸ் தப்பு, இஸ் அஃபெக்ட் தப்பு, மைண்ட் ஒருமைல நிக்குது. மூணையும் டீச்சர் திருத்தி எழுதிட்டா ஸ்டூடன்ட் என்ன பண்ணுவாங்க? அத அப்படியே காப்பி பண்ணி ஃபேர் காப்பி எழுதுவாங்க, மண்டைல எதுவும் ஏறாது. அதே டீச்சர் இஸ் அஃபெக்ட் கீழ மட்டும் ஒரு கோடு போட்டு "இந்த மாதிரி இன்னும் மூணு இடம் இருக்கு, நீயே கண்டுபிடி"ன்னு எழுதினா, ஸ்டூடன்ட் தன் கட்டுரைய மறுபடி முழுசா படிச்சே ஆகணும். அதத்தான் அந்த டீச்சர் எதிர்பாக்கறார்.

ஆனா ஒண்ணு, டீச்சர் "இந்தத் தடவ வெர்ப் மட்டும் தான் பாக்கறேன், மத்தது சரின்னு அர்த்தம் இல்ல"ன்னு சொல்லிட்டு செய்யணும். சொல்லாம செஞ்சா, திருத்தாத இடமெல்லாம் சரின்னு ஸ்டூடன்ட் நினைச்சுக்குவாங்க, அப்புறம் ஃபைனல் எக்ஸாம்ல அதுக்கே மார்க் போனா கோவம் வரத்தானே செய்யும்.

பேசும்போது நடுவுல நிறுத்தி திருத்தறது சரியா? எனக்கு அதுக்கப்புறம் வாயே வராது.

உங்களுக்கு மட்டும் இல்ல. வேற மொழி கிளாஸ்ல வர்ற பதட்டத்த தனியா ஒரு விஷயமாவே எடுத்து எலைன் ஹார்விட்ஸும் கூட ரெண்டு பேரும் 1986-ல 33 கேள்வி வச்ச ஒரு அளவுகோல் உருவாக்கினாங்க, அத இன்னைக்கும் பயன்படுத்தறாங்க. சொந்த மொழில வெளுத்து வாங்கற ஆள் இங்கிலீஷ்ல ஒரு வரி பேச தடுமாறும்போது, தன்ன ஒரு முட்டாளா மத்தவங்க பாக்கறாங்கன்னு ஒரு கூச்சம் வரும் பாருங்க, அதுக்கு மேல "நோ நோ, வென்ட்!"னு ஒரு குரல் வந்தா கதை முடிஞ்சுது.

அதனால நிறைய டீச்சர்ஸ் மென்மையா, திருத்தறதே தெரியாம சரியான வடிவத்த திரும்பச் சொல்லுவாங்க. இப்படி:

ஸ்டூடன்ட்: "யெஸ்டர்டே ஐ கோ டு த லைப்ரரி."
டீச்சர்: "ஓ, யூ வென்ட் டு த லைப்ரரி?"
ஸ்டூடன்ட்: "யெஸ், யெஸ், அண்ட் ஐ டேக் டூ புக்ஸ்."

டீச்சர் திருத்திட்டார்னு டீச்சருக்குத் தெரியும். ஸ்டூடன்ட்டுக்கு, சாரு நம்ம கதைய ஆர்வமா கேக்கறாருன்னு தோணியிருக்கு. ராய் லிஸ்டரும் லைலா ரான்டாவும் 1997-ல கனடாவுல ஃப்ரெஞ்ச் இம்மெர்ஷன் கிளாஸ்கள (மத்த பாடங்களையும் ஃப்ரெஞ்ச்லயே நடத்தற கிளாஸ்) ரெக்கார்ட் பண்ணி பாத்ததுல, டீச்சர்ஸ் அதிகமா பண்ணது இந்த வகை திருத்தம் தான், பாதிக்கு மேல. ஸ்டூடன்ட்ஸ் அத கவனிச்சு எதாவது பண்ணது தான் இருக்கறதுலயே கம்மி. அதே "ஸாரி, நேத்திக்கு நடந்ததா? அப்போ ஐ...?"னு பாதில நிறுத்தி ஸ்டூடன்ட்டையே முடிக்க விட்டா, அவங்களே திருத்திக்கறது அதிகம்.

பேசி முடிக்கற வரைக்கும் விட்டுட்டு, அப்புறம் பேர் சொல்லாம போர்டுல நாலு வரிய எழுதி "இதுல எது சரியில்ல?"ன்னு எல்லாரையும் கேக்கறதும் நல்லா வேலை செய்யுது. யாரோடதுன்னு தெரியாது, ஆனா சொந்தக்காரருக்குத் தெரியும்.

ஃப்ரெண்டு என் கட்டுரைய திருத்தி என்ன ஆகப் போகுது? அவனுக்கும் எனக்கும் ஒரே இங்கிலீஷ் தானே?

பீர் ஃபீட்பேக், அதாவது கூடப் படிக்கறவங்க ஒருத்தருக்கொருத்தர் கருத்து சொல்றதுன்னு சொன்ன உடனே வர்ற மொத எதிர்ப்பு இது தான். ரெண்டாவது எதிர்ப்ப யாரும் வாய விட்டு சொல்றதில்ல: "நல்லா இல்லன்னு எழுதினா அவ கோச்சுக்குவா." அதனால என்ன ஆகும், எல்லா பேப்பர்லயும் "குட், நைஸ் ஐடியாஸ், செக் ஸ்பெல்லிங்"னு ஒப்புக்கு மூணு வரி. ஸ்பெல்லிங் மேல பழி போட்டுட்டா யாருக்கும் வருத்தம் இல்ல பாருங்க.

ஆனா இதுல யாருக்கு லாபம்னு பாத்தா கொஞ்சம் ஆச்சரியமா இருக்கும். கிறிஸ்டி லண்ட்ஸ்ட்ராமும் வெண்டி பேக்கரும் 2009-ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க, இங்கிலீஷ் ரெண்டாம் மொழியா படிக்கறவங்கள வச்சு. ஒரு பக்கம் மத்தவங்க கட்டுரைக்கு கருத்து மட்டும் சொன்னவங்க, இன்னொரு பக்கம் கருத்த வாங்கி எப்படி திருத்தறதுன்னு மட்டும் பழகினவங்க. செமஸ்டர் முடிவுல அவங்கவங்க சொந்த எழுத்துல அதிகம் முன்னேறினது கருத்து சொன்னவங்க. அதுவும் லெவல் கம்மியா இருந்தவங்களுக்கு லாபம் ஜாஸ்தி. யோசிச்சா புரியுது, நம்ம கட்டுரைல நாம என்ன சொல்ல வந்தோம்னு நமக்கே தெரியும்ங்கறதால ஓட்டை தெரியாது, அடுத்தவங்களுத படிக்கும்போது எங்க புரியாம நிக்கறோம்னு பளிச்னு தெரியும். அப்புறம் அதே ஓட்டை நம்மளதுலயும் இருக்கேன்னு உறைக்கும்.

அதனால ஃப்ரெண்டுகிட்ட கிராமர் திருத்தச் சொல்லாதீங்க, அதுக்கு அவர் ஆள் இல்ல. "எந்த இடத்துல நான் சொல்றது புரியல? எந்த இடத்துல நம்ப முடியல?"ன்னு ரெண்டே கேள்வி கேளுங்க. அதுக்கு இங்கிலீஷ் புலமை வேண்டாம், படிக்கத் தெரிஞ்சா போதும். கோச்சுக்கறதும் குறையும், "எனக்குப் புரியல"ங்கறது திட்டு இல்லையே.

பீர் மார்க் வேற விஷயம். ஃப்ரெண்டு போடற மார்க் ஃபைனல்ல சேரும்னா நான் அதுக்கு எதிரி, அது நட்பையும் கெடுக்கும், மார்க்கையும் கெடுக்கும்.

செல்ஃப் அசெஸ்மென்ட் ஒரு ஏமாத்து வேலை இல்லையா? நானே எனக்கு ஃபுல் மார்க் போட்டுக்க மாட்டேனா?

மார்க்குக்காகன்னா கண்டிப்பா போட்டுக்குவீங்க, நானும் போட்டுக்குவேன். மார்க் இல்லைன்னா பொய் சொல்ல காரணமே இல்ல.

"நான் இங்கிலீஷ்ல எப்படி?"ன்னு பொதுவா கேட்டா "சுமாரு"ங்கறத தவிர பதில் வராது. குறிப்பா கேக்கணும். ஐரோப்பிய கவுன்சில் 2001-ல வெளியிட்ட மொழித் திறன் சட்டகத்துல எ1ல இருந்து சி2 வரைக்கும் ஆறு லெவல் இருக்கு, ஒவ்வொண்ணுலயும் என்னால இத செய்ய முடியும்னு வாக்கியம் வாக்கியமா இருக்கும். தெரிஞ்ச விஷயத்த பத்தி தொடர்ச்சியா எழுத முடியுமா, ஒரு கருத்துக்கு ஆதரவாவும் எதிராவும் காரணம் குடுத்து எழுத முடியுமா, இந்த மாதிரி. இதுக்கு ஆமாம் இல்லன்னு பதில் சொல்ல முடியும். சொல்லிட்டு, சொன்னதுக்கு ஆதாரமா ஒரு பேப்பர எடுத்துக் காட்டுன்னு கேட்டா இன்னும் நேர்மையா வரும். இன்னொண்ணு, நல்லா படிக்கறவங்க தான் இதுல தங்கள குறைச்சு போட்டுக்குவாங்க, அத டீச்சர் கண்டிப்பா பாத்து சொல்லணும்.

ரூப்ரிக்னு எதுக்கு எவ்வளவு மார்க்னு கட்டம் போட்டுக் குடுக்கறாங்க, படிச்சாலும் ஒண்ணும் விளங்கல. "கோஹெரன்ஸ்: குட்", "கோஹெரன்ஸ்: வெரி குட்". ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?

எழுதினவங்களுக்கே தெரியுமான்னு எனக்கு சந்தேகம்.

ஆஸ்திரேலியாவுல ராய்ஸ் சாட்லர் 1989-ல எழுதினது இதுக்கு நல்ல பதில். ஒரு ஸ்டூடன்ட் முன்னேறணும்னா மூணு வேணும்னார்: எட்ட வேண்டிய தரம் எதுன்னு தெரியணும், தன் வேலை இப்ப எங்க இருக்குன்னு அதோட ஒப்பிட்டுப் பாக்கத் தெரியணும், இடைவெளிய குறைக்க ஏதாவது செய்யணும். ரூப்ரிக் கட்டம் போட்டுக் குடுத்தா மொதலாவதே நடக்காது, ஏன்னா தரம்ங்கறது பேப்பர்ல தான் கண்ணுக்குத் தெரியும், கட்டத்துல தெரியாது. அதனால போன வருஷ கட்டுரைகள்ல (பேர் எடுத்துட்டு) ஒரு நல்லது, ஒரு சுமார், ஒரு மோசம்னு மூணு குடுத்து "எது எதுக்கு என்ன மார்க் போடுவீங்க, ஏன்?"னு கிளாஸ்ல ஒரு மணி நேரம் சண்ட போட விட்டா, அந்த ஒரு மணி நேரத்துல புரியறது பத்து ரூப்ரிக்ல புரியாது. "ஓ, இவங்க மொத வரிலயே விஷயத்துக்கு வந்துட்டாங்க, இவங்க ரெண்டு பத்தி கழிச்சு வர்றாங்க" அப்படின்னு ஒருத்தர் சொல்லுவார் பாருங்க, அங்க தான் கோஹெரன்ஸ், அதாவது கட்டுரையோட கோர்வை, புரியுது.

எங்க கிளாஸ்ல நூறு பேரு. இதெல்லாம் நடக்கற காரியமா?

ஆளுக்கு ஒரு பக்க கமென்ட், நடக்காது. டீச்சர் மனுஷன் தானே. ஆனா இருபது பேப்பர் படிச்சா நூறு பேரோட பொதுத் தப்பு தெரிஞ்சிடும், அத வச்சு அடுத்த கிளாஸ்ல பத்து நிமிஷம் எடுத்தா அது முழு ஃபார்மேட்டிவ் அசெஸ்மென்ட் தான். கிளாஸ் முடியும்போது துண்டு சீட்டுல "இன்னைக்கு எது புரியல"ன்னு ஒரு வரி எழுதி வாங்கறதும் அப்படித்தான், வாங்கினத படிச்சு அடுத்த நாள் பேசினா மட்டும். வாங்கி பீரோல வச்சா ரெண்டு தடவைக்கு மேல யாரும் உண்மைய எழுத மாட்டாங்க.

ஆப்ல வர்ற க்விஸ் எல்லாம் இதுல சேருமா?

சேரும், ஒரு எல்லை வரைக்கும். ரோடிகரும் கார்ப்பிக்கேயும் 2006-ல காட்டினது: ஒரு பாடத்த திரும்பப் படிச்சவங்கள விட, படிச்சத ஞாபகப்படுத்தி எழுதிப் பாத்தவங்க ஒரு வாரம் கழிச்சு அதிகம் ஞாபகம் வச்சிருந்தாங்க, அஞ்சு நிமிஷம் கழிச்சு கேட்டப்போ மட்டும் திரும்பப் படிச்சவங்க முன்னாடி இருந்தாங்க. அதனால வொகாபுலரி, ஒழுங்கில்லாத வெர்ப், இதுக்கெல்லாம் சின்னச் சின்ன க்விஸ் அருமை. கட்டுரை எழுதறதுக்கும் பேசறதுக்கும் அது பத்தாது. நாலுல ஒண்ண டிக் அடிக்கறதும் நாலு பேர் முன்னாடி பேசறதும் ஒண்ணா.

ஏஐகிட்ட குடுத்தா உடனே திருத்திக் குடுக்குதே, டீச்சருக்காக ஏன் ரெண்டு வாரம் காத்திருக்கணும்?

வேகத்துல டீச்சர் தோத்தாச்சு, அத ஒத்துக்கலாம். ராத்திரி ரெண்டு மணிக்கு சலிக்காம பதில் சொல்ற டீச்சர் கிடையாது, திட்டறதும் இல்ல, கூச்சப்படற ஸ்டூடன்ட்ஸுக்கு அது பெரிய நிம்மதி.

சிக்கல் எங்கன்னா, நீங்க "திருத்திக் குடு"ன்னா அது திருத்திக் குடுத்துடும். உங்க கட்டுரை நல்லாயிடும், உங்க இங்கிலீஷ் இருந்த இடத்துலயே இருக்கும். மேல சொன்ன சிவப்பு மை கதையே தான், ஃபேர் காப்பி எழுதற சிரமம் கூட இப்ப இல்ல. "திருத்தாதே, எந்த வரில தப்பு இருக்குன்னு மட்டும் சொல்லு, நான் மாத்தினத அப்புறம் பாரு"ன்னு கேட்டா கதை வேற. சில சமயம் நல்லா இருக்கற வரியையும் வழவழன்னு மாத்திடும், உங்க குரலே போயிடும், அதையும் கவனிங்க. டீச்சர் பக்கம் இருந்து பாத்தா இன்னொரு தலைவலி: ஏஐ துடைச்சு பளபளன்னு வர்ற பேப்பர பாத்து உங்களுக்கு என்ன தெரியாதுன்னு கண்டுபிடிக்கவே முடியாது, அப்போ எதுக்கு ஃபீட்பேக் குடுக்கறது?

எப்பப் பாத்தாலும் ஏதாவது ஒரு டெஸ்ட். மூச்சு முட்டுது. இதுக்கு ஒரே ஒரு ஃபைனல் எக்ஸாமே தேவல இல்லையா?

இத சொல்றவங்கள நான் குறை சொல்ல மாட்டேன். ஒவ்வொரு க்விஸ்ஸுக்கும் மார்க், ஒவ்வொரு மார்க்கும் ஃபைனல்ல சேரும்னா வருஷம் முழுக்க பரீட்சை ஹால்ல உக்காந்த மாதிரி தான் இருக்கும். தப்பு பண்ணிப் பாக்க ஒரு இடம் வேணும்ல, மொழிய தப்பு பண்ணாம யாரும் கத்துக்கல. இங்க தப்பு பண்ணா மார்க் போயிடும்னா ஸ்டூடன்ட் தெரிஞ்ச அம்பது வார்த்தைக்குள்ளயே எழுதுவாங்க, சின்னச் சின்ன வாக்கியமா, ரிஸ்க்கே எடுக்காம. பேப்பர் சுத்தமா இருக்கும், வளர்ச்சி இருக்காது.

சில டீச்சர்ஸ் பத்து வேலை குடுத்து, அதுல சிறந்த நாலுக்கு மட்டும் மார்க்னு வைக்கறாங்க. சிம்பிளான ஏற்பாடு, ஆனா மூச்சு விட முடியுது.

டீச்சர் எழுதின கமென்ட் மனச ரொம்ப காயப்படுத்திடுச்சு. நான் ஓவரா ரியாக்ட் பண்றேனா?

இல்ல. எல்லா ஃபீட்பேக்கும் நல்லது பண்ணும்னு நினைக்கறதே தப்பு. க்ளூகரும் டெனிசியும் 1996-ல பழைய ஆய்வுகள எல்லாம் சேத்து 607 முடிவுகள அலசினாங்க. சராசரியா ஃபீட்பேக் உதவுது, ஆனா மூணுல ஒரு பங்குக்கு மேல ஃபீட்பேக் வாங்கினதால செயல்திறன் குறைஞ்சிருக்கு. கவனம் வேலைய விட்டு ஆள் மேல திரும்பும்போது கெடுதுங்கறது அவங்க விளக்கம். "யூ ஆர் கேர்லெஸ்"னு எழுதறது ஆள் மேல. "மூணாவது பத்தில டென்ஸ் மாறுது"ன்னு எழுதறது வேலை மேல. பாராட்டும் அப்படித்தான், "ப்ரில்லியன்ட்!"னு மட்டும் எழுதினா சந்தோஷமா இருக்கும், எத திரும்பச் செய்யணும்னு தெரியாது. ஹாட்டியும் டிம்பர்லியும் 2007-ல மூணு கேள்வியா சொன்னாங்க: எங்க போறேன், எப்படி போயிட்டிருக்கேன், அடுத்து எங்க. உங்களுக்கு வந்த கமென்ட் இதுல ஒண்ணுக்காவது பதில் சொல்லலைன்னா, அது ஃபீட்பேக் இல்ல, அபிப்பிராயம். தூக்கி ஓரமா வைக்கலாம்.

கடைசில ஃபைனல் எக்ஸாம்ல மார்க் ஏறுமா ஏறாதா?

ஏற வாய்ப்பு இருக்கு. ப்ளாக்கும் வில்லியமும் 1998 கட்டுரைல சொன்ன முன்னேற்றத்தோட அளவு கணிசமானது, பின்னாடி ராண்டி பென்னட் மாதிரி ஆளுங்க 2011-ல, இவ்வளவு வித்தியாசமான ஆய்வுகள ஒரே எண்ணா சுருக்கறது சரியில்லன்னு கேள்வி கேட்டாங்க, எனக்கும் அந்தக் கேள்வி நியாயமா படுது. அதோட, எக்ஸாம்ல மனப்பாடக் கேள்வியே வருதுன்னா வருஷம் முழுக்க டிராஃப்ட் எழுதி பழகினது மார்க்ல தெரியாம போகலாம். அது எக்ஸாமோட கோளாறு.

எங்க டீச்சர் இதுல எதையும் பண்றதில்ல. நான் மட்டும் என்ன பண்ண முடியும்?

பேப்பர் குடுக்கும்போதே மேல ஒரு வரி எழுதிக் குடுங்க: "என் முடிவுரை வலுவா இருக்கான்னு மட்டும் பாருங்க மேம்" இல்ல "நான் ஆர்ட்டிகிள்ல தடுமாறறேன், அத மட்டும் குறிச்சுக் குடுங்க சார்." நிறைய டீச்சர்ஸுக்கு இது நிம்மதி தான், எங்க ஆரம்பிக்கறதுன்னு தெரியாம பொதுவா எழுதறவங்களுக்கு நீங்களே வழி காட்டறீங்க. சுருக்கமா பதில் வரும், ஆனா உங்க கேள்விக்கு வரும்.

அப்புறம் ஒரு நோட்டுல ஒவ்வொரு பேப்பர்லயும் வந்த தப்புகள எழுதி வைங்க, தப்பு ஒரு பக்கம், நீங்களா திருத்தினது எதிர்ப் பக்கம். நாலு பேப்பர் தாண்டினா ஒரே தப்பு திரும்பத் திரும்ப வர்றது கண்ணுல படும், அடுத்தத குடுக்கறதுக்கு முன்னாடி அத மட்டும் தேடிப் பாத்து குடுங்க.

கமென்ட் புரியலைன்னு டீச்சர்கிட்ட போய் கேட்டா, மார்க்குக்கு சண்ட போட வந்திருக்கான்னு நினைக்க மாட்டாங்களா?

"ஏன் சார் எனக்கு மார்க் கம்மி?"ன்னு ஆரம்பிச்சா நினைப்பாங்க. கமென்ட் வந்த பத்திய நீங்களே ஒரு தடவ மாத்தி எழுதிட்டு, பழசையும் புதுசையும் சேத்து எடுத்துட்டுப் போய், "நீங்க டெவலப் பண்ணச் சொன்னீங்க, நான் இப்படி பண்ணியிருக்கேன், நீங்க சொன்னது இது தானா?"ன்னு கேளுங்க. மார்க் பேச்சே எடுக்காதீங்க. ரெண்டு பேப்பரும் முன்னாடி இருக்கறதால பேச வேண்டியது அந்தப் பத்திய பத்தி மட்டும் தான், அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிடும். கிளாஸ் முடிஞ்சு எல்லாரும் மேஜைய சுத்தி நிக்கும்போது மட்டும் போகாதீங்க.